குழாய் நாற்றமும் ஒரு கேத்தல் சுடுதண்ணீரும்

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த என் கணவருக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டியது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துச் சமையலறையில் கழுவுதண்ணீர் போகும் குழாயிலிருந்து அவ்வளவு நாற்றம். கொழுந்து பறித்துவிட்டு வந்த கையோடு, நோர்வூட் டவுன் கடையில் வாங்கிய அப்பச்சோடாவைக் கொட்டி வினாகிரியை ஊற்றினேன். பொங்கி நுரைத்ததே தவிர நாற்றம் போகவில்லை. அலுத்துப்போய் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

சண்டைபோட்டு வெகுநாளாகப் பேசாமலிருந்த பக்கத்து வீட்டுச் செல்வி, கொதிக்கிற கேத்தலோடு வந்து நின்றாள்.

“தள்ளுங்கக்கா. உள்ள எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். சுடுதண்ணி ஊத்தாம போகாது.”

மெதுவாக ஊற்றினாள். போய் மறுபடியும் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தாள்.

“அண்ணன் ஓங்கரிக்கிறது எங்க வீட்டுக்குக் கேக்குதுக்கா. மனசு கேக்கல” என்றாள்.

நாற்றம் அடங்கியது. அன்று அவர் கஞ்சி குடித்தார். பழைய சண்டையைப் பற்றி நாங்கள் இன்றுவரை பேசவில்லை. பேச எனக்குத் தெம்புமில்லை. அவருக்கு முடியாமல் போனால், முதலில் அவள் கதவைத்தான் தட்டுகிறேன்.