டை கட்டிய ஒரு வருடம்

டாக்டராக என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால், ஆறாம் வகுப்பு எங்கே படித்தாய் என்று திருப்பிக் கேட்பேன். மார்க்கெல்லாம் அப்புறம்தான்.

நான் ஆறாவது படித்தது திண்டிவனத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில். பெரியப்பா பிள்ளைகள் இரண்டும் டையும் ஷூவும் மாட்டிக்கொண்டு வேனில் போவதை அப்பாவால் தாங்க முடியவில்லை. "எம் பொண்ணு மட்டும் என்ன தொக்கா? டாக்டருக்குப் படிக்கப் போவுது, இங்கிலீஷ் வாணாமா?" என்று கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். ஒரு வருடம் எங்கள் வாசலிலும் வேன் நின்றது. ஹாரன் அடித்தாலும் உடனே ஏற விடமாட்டார். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வரட்டும் என்று என் டையைச் சரிசெய்துகொண்டே நிற்பார். அடுத்த வருடம் நிலத்தில் போட்ட மல்லாட்டை விளையாமல் காலை வாரிவிட்டது. டை பெட்டிக்குள் போனது. நான் ஊர் அரசுப் பள்ளிக்குப் போனேன். பன்னிரண்டாவது வரைக்கும் அங்கேதான்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் தனி ஒதுக்கீடு என்று சட்டம் வந்தது. அதைச் சொன்ன டீச்சர் வகுப்பில் என்னைத்தான் பார்த்தார். அதற்கப்புறம் எனக்குக் கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவும் இல்லை. முதல்முறை நீட்டில் தேறவில்லை. "இன்னுமா படிச்சிக்கினு கீது?" என்று சொந்தக்காரர்கள் கேட்டதையெல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்து படித்து மறுபடி எழுதினேன். பொதுப் பிரிவுக்குப் போதாத மார்க்; ஒதுக்கீட்டிலோ தாராளமாகச் சீட்டு கிடைக்கும். அம்மா தெருவுக்கே கேசரி கிண்டினாள்.

கவுன்சலிங்குக்குச் சான்றிதழ் வாங்கப் போனபோதுதான் தலைமையாசிரியர் முகம் மாறியது. "ஆறாவது நீ நம்ம ஸ்கூல் இல்லியாம்மா?" என்றார். எதற்கும் விழுப்புரத்தில் கேட்டுப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

விழுப்புரத்துக் கல்வி அலுவலகத்தில் இருந்த அம்மாள் பொறுமையானவர். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும் என்றார்.

"ஒரு வருசந்தானேங்க மேடம்" என்றார் அப்பா.

அந்த அம்மாளும் யோசித்தார். தனியார் பள்ளியில் இலவச ஒதுக்கீட்டில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு; அது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. "ஃபீஸ் கட்டிப் படிச்சாங்களா, இலவச சீட்டா?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இது கைகொடுக்கும் என்று நினைத்திருப்பார். "ஃபீஸ் கட்டித்தாங்க மேடம். ஒரு ரூவா பாக்கி வெக்கல."

அந்த அம்மாள் பேனாவை மூடிவிட்டார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். நான் இப்போது விழுப்புரத்தில் பி.எஸ்சி. தாவரவியல் படிக்கிறேன். அந்த மெட்ரிக் பள்ளியில் நான் உருப்படியாகக் கற்றது "குட் மார்னிங் மிஸ்" ஒன்றுதான். அதற்கு இவ்வளவு விலை.

அன்று அலுவலகத்திலிருந்து திண்டிவனம் பஸ்ஸில் திரும்பினோம். முண்டியம்பாக்கத்தில், மருத்துவக் கல்லூரி வாசலில் பஸ் நின்று ஆட்களை இறக்கிவிட்டுக் கிளம்பியது. அப்பா அப்போதுதான் கேட்டார்.

"நானாம்மா கெடுத்துட்டேன்?"

இல்லை என்பதுதான் உண்மை. அவர் என்னைச் சேர்த்தபோது அந்தச் சட்டமே பிறக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் யார் மேலாவது நான் கோபப்பட்டே ஆகவேண்டியிருந்தது. சட்டம் போட்டவர்கள் யாரும் அந்த பஸ்ஸில் வரவில்லை. அப்பா மட்டும்தான் இருந்தார்.