தலைகீழாக ஒட்டிய ஏரி

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த அம்மா, பைபிளை மேசையில் வைத்துவிட்டு, எஸ்தர் அக்கா ஆஸ்பத்திரியில் இறந்துபோனதைச் சொன்னார். மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்று நம் காலனியில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நான் வெகுநேரம் அறிவியல் புத்தகத்தில் ஒரே வரியைப் படித்துக்கொண்டிருந்தேன்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த அக்காவை நீங்கள் கேமராவோடு ஏரிக்கரையில் பார்த்திருப்பீர்கள். காலனிக்குப் பின்னால் இருக்கும் ஏரி வற்றிவிட்டது, மனை போடலாம் என்று பேச்சு வந்தபோது, தண்ணீர் இருப்பதைப் படம் எடுத்து அதிகாரியிடம் கொடுத்தவர் அவர்தான். உச்சி வெயிலில் எடுத்த படம். கறுப்பு வெள்ளையில் தண்ணீர் முழுவதும் வெளுத்துக் கட்டாந்தரையாகத் தெரிந்தது. பிள்ளைகள் கிரிக்கெட் ஆட நல்ல மைதானம் என்றாராம் அதிகாரி. "நானே ஏரிய வத்த வெச்சுட்டேன்டி" என்று அக்கா என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

பிறகு, காற்று எழாத ஒரு விடியற்காலையில் இன்னொரு படம் எடுக்க அக்காவும் நானும் போனோம். எதிர்க்கரைக் குன்றும் பனைமரங்களும் தண்ணீரில் அப்படியே கவிழ்ந்து நின்றன. அந்தப் படத்தை அலுவலகத்தில் குமாஸ்தா கோப்பில் தலைகீழாக ஒட்டிவிட்டார். அன்று நானும் உடன் போயிருந்தேன். அதிகாரி கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எது குன்று, எது நிழல் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"எப்படி வெச்சாலும் பாதி தண்ணிதான் சார்" என்றார் அக்கா.

குமாஸ்தா இருமுவதுபோல் சிரித்தார். மனைத் திட்டம் நின்றது.

நமக்கெல்லாம் அத்தோடு முடிந்துவிட்டது. அக்காவுக்கு முடியவில்லை. மறு கோடையில் மேற்குக் கரையில் லாரிகள் மண் கொட்டின. மறுபடி படம், மறுபடி மனு, வேறொரு அதிகாரி. திரும்பும்போது அக்கா பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னார்: "ஒரு தடவ காப்பாத்தினா போதும்னு நெனச்சேன். இத வருஷா வருஷம் காப்பாத்தணும் போலிருக்கு."

மேற்கு மூலை போய்விட்டது. மீதி ஏரி இருக்கிறது. அக்காவை அடக்கம் செய்த மறுநாளும் லாரி வந்தது. இந்த முறை மனுவை நான் எழுதியிருக்கிறேன். கையெழுத்துக் கேட்டு உங்கள் வீடுகளுக்கு வருவேன்.

அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது தைரியம் என்று எழுதத்தான் ஆசை. கிடைத்திருப்பது அவருடைய அலுப்பு. "இன்னைக்கும் போகணுமா" என்று முனகிக்கொண்டே வீட்டைப் பூட்டிக் கிளம்புவாரே, அந்த அலுப்பு.