கப்பல் பதிவேடும் என் மஸ்டரும்

எங்கள் வீட்டில் ஒரு மனிதரை நான்கு தலைமுறையாகத் திட்டிவந்தோம். அவர் என் அப்பாவுடைய தாத்தாவுக்கு அண்ணன். வெளிதேசத்தில் கரும்பு வெட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் சென்னைக்கு நடந்தே போய்க் கப்பலேறிவிட்டார். அவர் பார்க்க வேண்டிய பண்ணை வேலையும் தம்பி தலையில் விழுந்தது. அண்ணன் எங்கே என்று கேட்டுப் பண்ணையாரின் ஆட்கள் தம்பியைக் கட்டிவைத்து அடித்தார்கள் என்பது வரை எங்களுக்குத் தெரியும். போனவர் எந்தத் தேசத்துக்குப் போனார் என்பது மட்டும் தெரியாது. "அங்க ராஜாவாட்டம் இருந்துருப்பான். ஒரு கடுதாசி போட்டானா?" என்பார் அப்பா.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் புதுவாயலில் ஒரு லேபர் கான்டிராக்டரின் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு அவர் அனுப்பும் ஆட்களின் பெயர்களைத் தினமும் வருகைப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அதை மஸ்டர் என்போம். கூடவே அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருட ஆய்வேட்டுக்கு, சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். வீட்டுக் கோபத்தை விசாரிக்க அது ஒரு சாக்கு.

சனிக்கிழமைகளில் லீவு சொல்லிவிட்டு மின்சார ரயிலேறிச் சென்னை ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். கல்லூரியிலிருந்து வாங்கிய கடிதத்தைக் காட்டினால் பழைய அரசாங்கக் கட்டுகளை எடுத்துத் தருவார்கள். தொட்டால் அப்பளம் போல நொறுங்கும் தாள்கள். எத்தனை பேர் ஏறினார்கள், நடுக்கடலில் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று கணக்கு இருந்தது. நான் பார்த்த கட்டுகளில் ஒரு பெயர்கூட இல்லை. மூன்று மாதம் எண்களையே நகலெடுத்தேன்.

பிறகுதான் இணையத்தில் தேடலாம் என்று தோன்றியது. கும்மிடிப்பூண்டி பஜாரில் பிளைவுட் தடுப்பு போட்ட பிரவுசிங் சென்டர் ஒன்று இருந்தது. லண்டன் நூலகம் ஒன்றின் பட்டியல் கணினியில் வந்தது. கோப்பின் தலைப்பு தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நேரில் போக வேண்டும். ஒருநாள் வெறுத்துப்போய், எங்கள் ஊர்ப் பெயரை வெள்ளைக்காரன் எப்படியெல்லாம் தப்பாக எழுதியிருப்பான் என்று யோசித்து, ஒவ்வொரு விதமாகத் தட்டிப் பார்த்தேன். ஏழாவதோ எட்டாவதோ தடவை ஒரு செய்திப் பலகை திறந்தது. பொன்னேரி தாலுகாவில் இன்ன ஊரும் அதற்குப் பக்கத்தில் இன்ன ஊரும் எங்கே இருக்கின்றன, யாருக்காவது தெரியுமா என்று ஒரு பெண் கேட்டிருந்தார். இரண்டாவது ஊர் எங்களுடையது. கேட்டவர் டிரினிடாட் தீவில் இருந்தார்.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை அவர். முதல் ஊர் அவருடைய பூட்டியின் ஊர். நான் பஸ் பிடித்துப் போய் அந்த ஊர் ஏரியையும் கோயிலையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். அவர் எனக்கு வழி சொன்னார். நீ தேடும் பெயர்கள் உன் ஊரில் கிடைக்காது, இறக்கிய இடத்தில்தான் எழுதிவைத்தார்கள், எங்கள் காப்பகத்தில் கப்பல் வாரியாக இருக்கிறது என்று எழுதினார். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர், உயரம், உடம்பில் இருக்கும் தழும்பு. எனக்காக அவர் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் தலைநகரத்துக்குப் போய்வருவதாகச் சொன்னார். அங்கே பென்சில் மட்டும்தான் அனுமதியாம்.

அவருடைய பதிலுக்குக் காத்திருந்த நாட்களில்தான் அது நடந்தது. ஒரு தொழிற்சாலையில் கூரை ஷீட் மாற்ற நாங்கள் அனுப்பியிருந்த, அந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த ஒடிசாக்காரர் ஒருவர் ஷீட் உடைந்து கீழே விழுந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. கான்டிராக்டர் ஆபீசுக்கு வந்து, உட்காராமலே என்னிடம் சொன்னார்: "இந்த மாசம் மஸ்டர புதுசா எழுதிடும்மா. அவன் பேரு வாணாம்."

நான் எழுதினேன். ஒரு மதியத்தில் முடிந்துவிட்டது. அழுதேன், எதிர்த்தேன் என்றெல்லாம் சொல்ல ஆசைதான். இல்லை. வரிசை எண் இடிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்தேன்.

அடுத்த மாதம் டிரினிடாட்டிலிருந்து பதில் வந்தது. தன் பூட்டி வந்த அதே கப்பலில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்ததாக ஆசிரியை எழுதியிருந்தார். பெயரும் தகப்பன் பெயரும் அப்படியே பொருந்தின. தோட்டத்தில் இறங்கிய இரண்டாம் வருடம் காய்ச்சலில் இறந்துபோயிருக்கிறார். நெருங்கிய உறவு என்ற இடத்தில் தம்பியின் பெயரைக் கொடுத்திருந்தார்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் டி.வி.யை அணைத்தார்.

"தம்பி பேரு குடுத்துக்கிறானா?"

"ஆமா நைனா."

"அப்ப செத்தத சொல்லி நமக்குக் கடுதாசி வந்துருக்கணுமே."

"யாரும் போடல நைனா."

அவர் எழுந்து வெளிக்குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார். அதன்பிறகு அந்த மனிதரை அவர் திட்டவும் இல்லை, அவரைப் பற்றிப் பேசவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒடிசாவிலிருந்து ஒரு பெரியவர், மகனுடைய போட்டோவைப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தார். இரண்டு மாதமாக மகனிடமிருந்து போன் இல்லை என்றார். கான்டிராக்டர் போட்டோவைக் கையில் வாங்கி நன்றாகப் பார்த்தார். இவன் வேலையை விட்டுப்போய் நாளாகிறது, எங்கே போனானோ என்று இந்தியில் சொன்னார். பெரியவர் நம்பினார். கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

என்னால் உட்கார முடியவில்லை. நாஷ்டா வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தேன். நெடுஞ்சாலை பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தேன். ஆட்களோடு பேசிப் பழகிய அரைகுறை இந்தியில், உங்கள் மகன் விழுந்து இறந்துவிட்டார் என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. கையை மேலிருந்து கீழே காட்டி மறுபடி சொன்னேன். அவர் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு, உடம்பு எங்கே என்று கேட்டார்.

உடம்பு இல்லை. பெயர் தெரியாத, கேட்டு வர ஆளில்லாத பிணம் என்று எப்போதோ எரித்துவிட்டிருந்தார்கள். அதை நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டோம்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனது கான்டிராக்டருக்குத் தெரிந்து, மறுநாளே என் வேலை போனது. நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் பெரியவரின் பெயரில் நான் மனு எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அப்படி ஒரு ஆள் எங்களிடம் வேலையே செய்யவில்லை என்று தொழிற்சாலை எழுதிக் கொடுத்திருந்தது. விசாரித்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். மஸ்டரை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமாங்க."

"இதுல அவர் பேரு இருக்குதா?"

"இல்லிங்க. நான்தான் எழுதாம உட்டேன்."

வேலையை விட்டு எடுத்த ஆத்திரத்தில் இந்தப் பெண் மாற்றிச் சொல்கிறது என்றார் கான்டிராக்டர். பழைய தாள்களை நானே கிழித்துப்போட்டிருந்தேன். கூட வேலை செய்தவர்கள் யாரும் சாட்சி சொல்ல வரவில்லை.  அதிகாரி மஸ்டரை மூடிவைத்தார்.

விசாரணைக்காக ஒடிசாவிலிருந்து மறுபடி வந்திருந்த பெரியவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். மகனின் பெயர் இல்லாமல் போனது என் கையால்தான் என்பதை அதுவரை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அன்று சொன்னேன். அவர் திட்டவில்லை. போட்டோவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ரயில் ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மட்டும் கேட்டார். கையைக் காட்டினேன்.