பில்நம் பெரியம்மாவின் வயிறு

பெரியம்மாவின் வயிற்றில் கத்தி இறங்கியது ஒரு மழைநாளின் பட்டப்பகலில். கொரியாவின் சோல் நகரத்து மாஜங்தொங் இறைச்சிச் சந்தையில், அவளுடைய குடல் கடையின் உள்ளறையில், குடலைக் கீறிக் கழுவுகிற அவளுடைய சொந்தக் கத்தியால், அவளுடைய புருஷன் குக் தோசிக் குத்தினான். குத்திவிட்டு உருவவில்லை. தொப்புளுக்கு இடப்பக்கமிருந்து கீழே இழுத்தான். தொட்டியில் கிடந்த மாட்டுக்குடல் எது, தன் குடல் எது என்று அன்றைக்கு நிறத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை என்பாள். எதிரில் இருப்பவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இதைச் சொல்வாள். அவர் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தால் அவளுக்குத் திருப்தி.

அவளுடைய முழுப்பெயர் தக் பில்நம். பில்நம் என்றால் அடுத்தது கட்டாயம் ஆண் என்று அர்த்தம். அடுத்துப் பிறந்தது என் அம்மா. பெயர் பலிக்காமல் போனதற்குத் தாத்தா குழந்தையை அடிக்கவில்லை; பெயருக்குரியவளை அடித்தார். மண்வெட்டிக் காம்பு, பெல்ட், ஒருமுறை உறைந்த முள்ளங்கி. பத்தொன்பது வயதில் சோலுக்கு ஓடிவந்து குடல் கழுவப் போனாள். கொதிநீர், உப்பு, மாவு, மறுபடி கொதிநீர். கை தோலுரிந்து சிவந்து கிடக்கும். சந்தைக்கு மாட்டுத்தலை இறக்கவந்த தோசிக் அந்தக் கையைப் பிடித்து "வலிக்குதா?" என்று கேட்டான். அதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. அதற்காகக் கல்யாணம் செய்துகொண்டாள். முதல் அடி தேனிலவில் விழுந்தது.

கத்திக்குத்துக்கு அவனை உள்ளே போட்டார்கள். அப்போதாவது அவள் விவாகரத்து வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. "சோதம் கல்யாணம் முடியட்டும். அடுத்த நாளே வெட்டி விட்டுடறேன்" என்றாள். சோதம் அவளுடைய ஒரே மகள். சம்பந்தி வீட்டார் குடும்பப் பதிவைப் பார்ப்பார்கள்; மணமேடைக்கு முன்னால் பெற்றோர் நாற்காலி இரண்டு போடுவார்கள்; ஒன்று காலியாக இருந்தால் நானூறு பேரும் அதைத்தான் பார்ப்பார்கள். சந்தையில் பாதிப் பெண்கள் இந்தக் கணக்கில்தான் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்கிறார்கள். பெரியம்மாவும் அந்தக் கணக்கையே போட்டாள். சட்டப்படி அவன் புருஷனாகவே இருந்தான்.

இந்த வசந்தத்தில், தண்டனை முடியுமுன்பே நன்னடத்தை என்று சொல்லி அவனை வெளியே விட்டார்கள்.

வந்தவன் அடிக்கவில்லை. எதிர்க்கடையில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்து சோஜூ சாராயம் குடித்தான். போகிற வருகிறவர்களிடம் சத்தமாகச் சொன்னான். "பில்நம் எங்க போனா எனக்கென்ன? அவ வயித்துல என் கையெழுத்து இருக்கு. கிழவியாகிப் பொணமா எரிக்கிற வரைக்கும் இருக்கும்."

நாக்குக் கறிக்காரர் சிரித்தார். ரத்தக்கட்டி விற்கிறவளும் சிரித்தாள். பயத்தில் வரும் சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு. பெரியம்மா தலை நிமிராமல் குடலைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கழுவினாள். அன்று கழுவிய குடல் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. அவள் கையில் குடல் கிழிந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

அடுத்த திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், சின்சா போகணும். ஆம்பளத் துணைக்கு வா. பேசாம இரு, அது உனக்கு நல்லா வரும்."

சின்சாவில் கட்டடம் கட்டடமாக அழகுச் சிகிச்சை மருத்துவமனைகள். இரண்டு மூன்று இடமாவது நடந்து விசாரிக்காமல் யாரும் கத்திக்குக் கீழே படுப்பதில்லை. நாங்களும் நடந்தோம். எல்லா இடத்திலும் டாக்டருக்கு முன்னால் ஆலோசகி ஒருத்தி வருவாள். முதல் இடத்து ஆலோசகிக்கு என் வயதுதான் இருக்கும்.

"அம்மா, பொண்ணுக்குக் கல்யாணமாமே! வயித்துக் கொழுப்ப உறிஞ்சி எடுத்துட்டாப் போதும்மா. சின்னச் சின்ன ஓட்டைதான். ஒரு வாரத்துல வேலைக்குப் போயிடலாம்மா."

"உன்ன நான் எப்போடீ பெத்தேன்? தோல் தொங்குதே, அத என்ன பண்ணுவ?"

"அது... கொஞ்சம் தொங்கும்மா."

"கொழுப்ப எடுத்துட்டுப் பைய விட்டுட்டுப் போறியா? எங்க கடையிலயே அத ஓசியில குடுப்போம்டீ."

இரண்டாவது இடத்தில், தொப்புளுக்குக் கீழே மட்டும் தோலை வெட்டித் தைக்கலாம் என்றார்கள். தொப்புள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆபத்து குறைவு. தழும்பின் கீழ்ப்பாதி போய்விடும், மேல்பாதி அப்படியே நிற்கும்.

மூன்றாவது இடம் பழைய கட்டடம். டாக்டர் யொம் அறுபதைத் தாண்டியவர். ஆலோசகியை வெளியே அனுப்பிவிட்டுத் தானே தொட்டுப் பார்த்தார். தழும்பை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கப் பார்த்தார். வரவில்லை.

"உள்ள தசையோட ஒட்டிப்போயிருக்கு. இடுப்புல இருந்து இடுப்பு வரைக்கும் வெட்டி, தோல மொத்தமா கீழ இழுத்து, தொப்புளப் புதுசா வைக்கலாம். இந்தத் தழும்பு முழுசா போயிடும்."

"அதுதான் வேணும்."

"இருங்கம்மா. இது இருக்கிற பக்கம் ரத்த ஓட்டம் சரியில்ல. இழுத்துத் தைச்ச தோல் கறுத்துச் செத்துப் போகலாம். நீங்க சிகரெட் வேற பிடிக்கிறீங்க. என்னக் கேட்டா, கீழ்ப்பாதிய மட்டும் எடுத்துக்குங்க. பத்திரம்."

"பாதி கையெழுத்துன்னா செல்லாதா டாக்டர்?"

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கல்யாணத்துக்காக இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

சோதத்துக்கு அது தெரியாது. அன்று மாலை நூடுல்ஸ் கடையில் வந்து உட்கார்ந்து அம்மாவைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"கல்யாணத்துக்கு நீ கட்டப்போற ஹன்பொக் பாவாட மார்லேர்ந்து விரியுது. உள்ள கன்னுக்குட்டியக் கட்டி வச்சாக்கூட தெரியாது. எதுக்கும்மா வயித்தக் கிழிச்சுக்கிற?"

"கன்னுக்குட்டியா? கடையில இருக்கு, கட்டிப் பாக்கலாம்."

"விளையாடாத. உனக்கு ஏதாவது ஆயிட்டா மேடையில அம்மா ஏத்தற மெழுகுவத்திய யார் ஏத்துவா? சாமியார் மாதிரி நானே ஏத்திக்கணுமா? ஆசையா இருந்தா கொழுப்ப மட்டும் எடுத்துக்கோ. அத்தோட நிறுத்து."

பெரியம்மா நூடுல்ஸை உறிஞ்சினாள். மூன்றில் எது என்று சொல்லவில்லை.

அந்த வார இறுதியில் தோசிக் கடைக்குள்ளேயே வந்துவிட்டான். கல்யாணத் தேதி யாரோ சொல்லித் தெரிந்திருக்கிறது. அப்பன் நாற்காலியில் தான்தான் உட்காருவேன், கோட்டு சூட்டு எடுத்துக்கொடு என்றான். "வெளிய போ" என்றாள். அவன் போகவில்லை. அவள் தலைமுடியைச் சுற்றிப் பிடித்து, ரப்பர் ஏப்ரனோடு கடை வாசலுக்கு இழுத்து வந்தான். மறுகையால் சட்டையை மார்பு வரைக்கும் தூக்கினான்.

"பாருங்கய்யா! எல்லாரும் பாருங்க! இது யாரோட சரக்குன்னு பாருங்க!"

சந்தையில் எந்நேரமும் ஓடுகிற ரம்பங்களும் நின்றன. பெரியம்மாவின் வயிறு வெளிச்சத்தில் தெரிந்தது. மடிந்து தொங்குகிற வெள்ளைத் தோல். அதன் நடுவே, சரியாகத் தைக்காத சாக்குபோல, ஊதா நிறத்தில் சுருங்கி இழுத்த கோடு. நாக்குக் கறிக்காரர் இந்த முறை சிரிக்கவில்லை.

அவன் பலகையிலிருந்த கத்தியை எட்டி எடுத்தான். "கீழ இன்னும் எடம் இருக்கு" என்றான்.

ஐஸ் பெட்டியில் உறைந்த மாட்டுக்கால்கள் அடுக்கியிருந்தன. அவள் முடி அவன் கையில் இருக்கும்போதே ஒன்றை உருவிச் சுழற்றினாள். முதல் அடி கத்தி பிடித்த மணிக்கட்டில். எலும்பு முறிகிற சத்தம் அந்தச் சந்தையில் எல்லாருக்கும் பழக்கமானதுதான். ஆனால் அது மனித எலும்பு என்று எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டாவது அடி தோள்பட்டையில். அவன் விழுந்தான். விழுந்த பிறகும் அடித்தாள். குளம்பு அவன் வாயில் பட்டு இரண்டு பல் ரத்தத்தோடு சாக்கடைக் கம்பிமேல் உருண்டது. குடல் கடைப் பெண்கள் சுற்றிலும் நின்றார்கள். ஒருத்தியும் தடுக்கவில்லை. "போதும் அக்கா, கால் ஒடஞ்சுடும்" என்று மட்டும் ரத்தக்கட்டிக்காரி சொன்னாள். யார் காலைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

காவல் நிலையத்தில் இளம் அதிகாரி கணினியைப் பார்த்தபடி, "ரெண்டு பேரும் அடிச்சிருக்கீங்க. அதனால ரெண்டு பேர் மேலயும் கேஸ் போடணும்" என்றான்.

பெரியம்மா எழுந்து நின்றாள். தன் கையாலேயே சட்டையைத் தூக்கினாள்.

"எழுது. இதையும் எழுது."

அவன் தட்டச்சு நின்றது. காது மடல்கள் சிவந்தன. அவள்மேல் போட்ட வழக்கு சில வாரங்களில் தள்ளுபடியானது. தோசிக்கைக் கட்டுப்போட்ட கையோடு மறுபடி உள்ளே கொண்டுபோனார்கள். மிச்சத் தண்டனையும் புதுத் தண்டனையும் சேர்ந்து காத்திருந்தன. மகள் கல்யாணம்வரை பெரியம்மா பொறுக்கவில்லை. விவாகரத்து மனுவும் போட்டுவிட்டாள்.

"முடிஞ்சுதும்மா. அவன் உள்ள போயிட்டான். இனிமே ஆபரேஷன் எதுக்கு?" என்று சோதம் அழுதாள். நாக்குக் கறிக்காரர் வாயால் அந்தக் கையெழுத்து விஷயம் இப்போது அவளுக்கும் தெரிந்திருந்தது.

பெரியம்மா தன் வயிற்றைத் தட்டினாள். "அவன் உள்ள போயிட்டான். இது இங்கதானே இருக்கு. குளிக்கும்போது சோப்புப் போடறது நான்டீ. தினமும் அவனுக்கும் சேத்துப் போடறேன்."

"நீ செத்துப் போயிடுவம்மா."

"தோல் சாகும்னுதான் டாக்டர் சொன்னார். என்னச் சொல்லல."

மறுநாள் சிகரெட்டை விட்டாள். நாள் முழுக்க காய்ந்த கணவாய் மீனைப் போட்டுக் கடித்தாள். கோபம் வந்தால் இரண்டாகக் கடித்தாள். டாக்டர் யொம் கேட்ட ரத்தப் பரிசோதனையெல்லாம் கொடுத்தாள். சம்மதத் தாளில் மூன்று வழிகளும் அச்சாகியிருந்தன. மூன்றாவதைக் காட்டினாள்.

அறுவைச் சிகிச்சை மதியம்வரை நீண்டது. வெளியே வந்த செவிலியிடம் நான் கேட்டேன், எடுத்த தோலைப் பார்க்கலாமா என்று. பெரியம்மா கேட்கச் சொல்லியிருந்தாள். அவள் கடையில் கழிவானாலும் கண்ணால் பார்க்காமல் வெளியே போகாது. செவிலி முகத்தைச் சுளித்து, கொடுக்கக் கூடாது, பார்க்க மட்டும் என்றாள். எஃகுத் தட்டில் அது நனைந்த துணிபோல மடிந்து கிடந்தது. அடியில் மஞ்சள் கொழுப்பு. ஒரு மடிப்பில் அந்த ஊதாக் கோடு. கவிதைகளில் நான் படித்திருந்த உவமை எதுவும் அதன் பக்கத்தில் வரவில்லை.

மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"பாத்தியா?"

"பாத்தேன் பெரியம்மா."

"முழுசா இருந்துச்சா?"

"முழுசா."

சிரிக்கப் போனாள். தையல் இழுத்தது. கெட்ட வார்த்தையில் முடித்தாள்.

டாக்டர் சொன்னது நடக்காமல் போகவில்லை. பத்து நாளில் தையலின் நடுவே தோல் நீலமானது, பிறகு கறுத்தது. உள்ளங்கை அகலம் செத்துப்போனது. செத்ததை வெட்டி எடுக்கப் போகும்போது சோதமும் நானும் கூட இருந்தோம். கத்தரிக்கோல் கடிக்கிற சத்தம் கேட்டது. ரத்தமும் ஊனும் துணியில் ஊறின. மரத்துப்போன தோல் தீர்ந்து உயிருள்ள சதையைத் தொட்டபோது பெரியம்மா கட்டில் கம்பியைப் பிடித்தாள். ஆனால் கண்ணை மூடவில்லை, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டரின் நெற்றியில் வேர்வை.

"ஆறினதும் பட்டையா ஒரு தழும்பு நிக்கும்மா. வேணும்னா ஆறு மாசம் கழிச்சு நானே சரி பண்ணித் தரேன். காசு வேணாம்."

சோதம் வெடித்தாள். "முன்ன இருந்ததவிட ரெண்டு மடங்கு இருக்கு! இடுப்புலேர்ந்து இடுப்பு வரைக்கும்! இதுக்காம்மா இவ்வளவும்?"

"பெருசாத்தான் இருக்கு" என்றாள் பெரியம்மா. சிவந்து திறந்துகிடந்த புண்ணை அவள் பார்த்த பார்வை, புது மாட்டை வாங்குமுன் பார்க்கிற பார்வை. "இத வெட்டச் சொன்னது நான்டீ."

பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"அப்படியே இருக்கட்டும், தொடாதீங்க. அது கெடக்கட்டும், சூசொக் பண்டிகை வருது டாக்டர், யாவாரம் அள்ளும். குடல் மூட்ட எப்ப தூக்கலாம்?"

"ரெண்டு மாசம் தூக்கவே கூடாது."

"ரெண்டு மாசமா?" என்று அவள் கத்தினாள். கத்தியதில் வயிறு இழுக்க, கட்டில் கம்பியை மறுபடி பிடித்துக்கொண்டாள்.