வாட்டாத இலை

நல்லதுக்குச் சொன்னால் போ, கெட்டதுக்குச் சொல்லாமலே போ என்பார்கள் எங்கள் ஆட்கள். இதை, நாங்கள் நாடுவிட்டு வந்து குடியிருந்த மனோர் பார்க்கில், எங்கள் பக்கத்து வீட்டு வியட்நாம் அன்ரிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, தெரியாது.

அவர்களுடைய புதுவருடம் நெருங்கினால் அன்ரியின் பின்வளவில் தெருவே கூடிவிடும். ஒட்டுகிற அரிசி, பயறு, பன்றியிறைச்சி எல்லாவற்றையும் வாழையிலையில் சதுரமாகப் பொதிந்து, பெரிய பானையில் பகல் முழுக்க அவிப்பார்கள். இலை வாட்டுவது அப்பாவின் வேலை. அடுப்புச் சுவாலைக்கு மேலால் அவர் ஒரு இழுப்பு இழுத்தால் இலை பட்டுச்சேலைபோலத் துவளும், மடித்தால் வெடிக்காது. மீசை கருகப்போகிறது என்று பெண்கள் பகிடி பண்ணுவார்கள்.

எனக்கு எட்டு வயதான வருடம், அந்தச் சமயம் பார்த்து யாழ்ப்பாணத்தில் பெரியப்பா மோசம்போனார் என்று சாவுச்செய்தி தொலைபேசியில் வந்தது. அப்பாவை வளர்த்தவர். அப்பாவால் செத்தவீட்டுக்குப் போகமுடியவில்லை. விஷயம் தெரியாத அன்ரி இலைக்கட்டோடு வந்து கதவைத் தட்டினார். ஆங்கிலத்தில் சொல்ல அப்பா என்னைத்தான் முன்னே விட்டார்.

“எங்களுக்குத் துடக்கு, முப்பத்தொண்டாம் நாள் முடியுமட்டும் நல்ல காரியத்திலை கைவைக்க ஏலாது எண்டு சொல்லு பிள்ளை.”

துடக்குக்கு, அந்தச் சாவுத் தீட்டுக்கு, எனக்கு ஆங்கிலம் தெரியாது. அப்பாவின் கை அழுக்காம், வரமாட்டாராம் என்று சொல்லிவைத்தேன். அன்ரி அப்பாவின் கையைப் பார்த்தார். வழிக்காத தாடியைப் பார்த்தார். உள்ளே விளக்கெரியும் பெரியப்பாவின் படத்தைப் பார்த்தார். இலைக்கட்டோடு திரும்பிப் போய்விட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் பானை ஆவி பறந்தது, சிரிப்புக் கேட்டது. அப்பா குசினி யன்னலைச் சாத்தினார். அயலுறவை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று பயந்துபோனேன்.

மறுநாள் வாசலில் அத்தனை பெண்களும் நின்றார்கள். வெள்ளை நூலால் கட்டிய ஒரு பொதியை அன்ரி நீட்டினார். இதில் இறைச்சி இல்லை, செத்தவீட்டுக்காரர் இதைச் செய்யக்கூடாது, அயலார்தான் செய்து கொடுக்கவேண்டும், தங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்.  எந்தக் கடலுக்கு அப்பாலோ பிறந்தவர்களுக்கு எங்கள் வீட்டு வழக்கம் எப்படித் தெரிந்தது?

ஆனால் அப்பா அவர்களை வாங்கோ என்று கேட்கவில்லை. நன்றிகூடச் சொல்லவில்லை. வழக்கமாகத் தன் வாசல்வரைக்கும் கையாட்டிக்கொண்டே போகும் அன்ரியும் ஒரு சொல் சொல்லாமல் திரும்பி நடந்தார். அன்ரிக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை என்றுதான் நினைத்தேன்.

அப்பா பொதியைப் படத்தடியில் வைத்தார். மடிப்பெல்லாம் இலை வெடித்துச் சோறு எட்டிப்பார்த்தது.

“வாட்டாமல் மடிச்சிருக்கினம்” என்றார். வெடிப்பை விரலால் பொத்திப் பிடித்துக்கொண்டு, அந்தத் தொலைபேசி வந்த நாளுக்குப் பிறகு முதல்தடவையாக அழுதார்.

செத்தவீட்டில் வா என்று கேட்பதுமில்லை, போய்வருகிறேன் என்று சொல்வதுமில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு இலை கிழிந்ததற்கா இவ்வளவு அழுகை என்று நினைத்தபடி, என் துண்டுக்குக் காத்திருந்தேன்.