முன் சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் முடிச்சு

அந்த வேனில் இன்ஜின் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. ஓட்டுகிறவர் இன்ஜின் மேலேதான் உட்கார்ந்திருப்பார். சித்திரை வெயிலில் நகரியிலிருந்து திருப்பதி போய் வந்தால் உட்கார்ந்த இடம் வெந்துவிடும். பழுது என்றால் முதலில் ஆளை எழுப்ப வேண்டும், பிறகு சீட்டைச் சாய்க்க வேண்டும், பிறகுதான் உள்ளே குனிந்து பார்க்க முடியும். ஸ்டியரிங்கை ஒரு நாளும் பிடிக்காத நான் இவ்வளவு சொல்வது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். சிரிக்கட்டும். எங்கள் பக்கத்தில் பழைய வேன் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கும் "அந்தம்மாவ ஒரு வார்த்த கேட்டுட்டு வா" என்று ஆளனுப்புகிறார்கள். கேட்டதற்குச் சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

எனக்கு இதெல்லாம் கற்றுக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர். நேரில் இல்லை, குவைத்திலிருந்து போனில்.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் அதற்கு முன்னால் யாருக்கும் சொந்த நிலம் இருந்ததில்லை. சக்கரம் வைத்த பொருள் என்று பார்த்தால் ஒரு சைக்கிள். அப்படிப்பட்ட வீட்டில் அவர் கைமாறி வந்த ஒரு வெள்ளை வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். நகரி ஸ்டேஷனில் இறங்குகிற பக்தர்களை ஏற்றிக்கொண்டுபோய் அலிபிரியில் மலைப்படி தொடங்குகிற இடத்தில் விடுவார். கூட்டம் இல்லாத நாளில் தறிக்காரர்களின் துணி மூட்டைகளை ஏற்றுவார். ஆனால் அது வரதய்யபாளையத்திலிருந்து நகரி வரை ஓட்டத் தெரிந்தவனெல்லாம் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டுக்கொண்டிருந்த காலம். இவரும் போட்டார். குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர் வேலை கிடைத்தது.

கிளம்புகிற அன்று, மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நிற்க, அவர் வேனைத்தான் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"வண்டிய நிறுத்தி மட்டும் வெச்சிடாத. ரெண்டு வருசம். வந்து நான்தான் ஓட்டணும்."

அதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் இவர் வருவார். வண்டி நின்றுபோனால் வருவதற்கு என்ன இருக்கிறது? கட்டின பெண்டாட்டி இருக்கிறாள், பெற்ற பிள்ளை இருக்கிறது என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இப்போது கேட்டுப் பார்க்கிறேன். தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஓட்டுவதற்கு ஊர்க்காரர் ஒருவரை வைத்தோம். எனக்குச் சித்தப்பா முறை, என் நைனா வயது, பொறுமையான கை. குவைத்தில் என் வீட்டுக்காரருக்கு வெள்ளிக்கிழமை லீவு என்பதால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நகரி கடைத்தெருவில் இருந்த போன் பூத்தில் போய் உட்காருவேன். மணி அடிக்கும். நான் "மாமா" என்பேன். அவர் "வண்டி எப்படி கீது?" என்பார். நல்லா இருக்கியா, துன்னியா, பாப்பா என்ன பண்ணுது, ஒன்றும் கிடையாது. எனக்குக் கோபம் வரும். வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, கதவு இழுக்க வரவில்லை என்று சொல்வேன்.

அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கற்றேன். பக்கவாட்டுக் கதவு ஓடுகிற தண்டவாளத்தில் கிரீஸ் வைக்கக்கூடாது, எங்கள் ஊர் செம்மண் அதில் அப்பிக்கொள்ளும். துணியால் துடைத்து மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் பெட்ரோல் வாசனை அடித்தால் சாவியைத் திருகிக்கொண்டே இருக்கக்கூடாது, பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவிட வேண்டும். ரேடியேட்டருக்கு எங்கள் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தோம். சோறு வடித்தால் சோறே மஞ்சளாகிற உப்புத் தண்ணீர். புத்தூர் தாண்டுவதற்குள் ஆவி பறந்தது. அந்த வாரம் போனில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் குடிக்கிற தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து வண்டிக்கு ஊற்றினோம், நாங்கள் உப்புத் தண்ணீரையே குடித்தோம்.

இரண்டு வருஷம் முடியப் போகிற நேரத்தில் அவர் இன்னும் ஒரு வருஷம் என்று சொன்னார். முதலாளி விடவில்லையாம். நான் சரி என்றேன். வீட்டுக்கு வந்து ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் வைத்து, இவர் நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும் என்று மலைமேல் இருக்கிற பெருமாளுக்கு முடிந்தேன். வேண்டுதல் பலித்தால் கொண்டுபோய் உண்டியலில் போடலாம். அதுவரைக்கும் பிரிக்கக்கூடாது, இடம் மாற்றக்கூடாது. எல்லோரும் சாமி படத்தடியில் வைப்பார்கள். எனக்கு வேறு யோசனை வந்தது. இவர் வருவது வண்டிக்காகத்தானே? சித்தப்பாவை எழுப்பி நிற்கவைத்துவிட்டு, சீட்டைச் சாய்த்து, உள்ளே ஒரு குழாயில் அந்த முடிச்சைக் கட்டினேன். சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சில வாரங்கள் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு புது வியாதி வந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி வேகம் குறையாமல் உறுமியது. எப்போதும் இல்லை, எப்போதாவது. ஒரு நாள் அலிபிரியில் வண்டியை நிறுத்தப்போன சித்தப்பா பிரேக்கை மிதித்தபடியே இருக்க, வண்டி முண்டிக்கொண்டு போய்ப் பூ விற்கிறவளின் கூடையை நசுக்கியது. அவள் தள்ளி உட்கார்ந்திருந்ததால் பிழைத்தாள்.

நகரியில் ஒரு மெக்கானிக் ஆக்ஸிலேட்டர் கேபிளை மாற்றினார். புத்தூரில் ஒருவர் ஸ்பிரிங்கை மாற்றினார். திருப்பதியில் ஒருவர் கார்பரேட்டரையே கழற்றிக் கழுவி மாட்டினார். மூன்று பேரிடமும் நான் கூடப்போனேன். மூன்று பேரும் சீட்டைச் சாய்த்ததும் மஞ்சள் துணியைப் பார்த்தார்கள். நகரிக்காரர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். புத்தூர்க்காரர் கிரீஸ் கை படக்கூடாது என்று முழங்கையை மடக்கிக்கொண்டு வேலை பார்த்தார். திருப்பதிக்காரர் தன் ஆளைப் பார்த்து, "தேவுடி சொம்முரா, ஜாக்ரத்த" என்று அதட்டினார். சாமி சொத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பெருமாளைச் சுற்றி எல்லாவற்றையும் மாற்றினார்கள். வண்டி உறுமுவது மட்டும் மாறவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, முந்தின வாரம் என் வீட்டுக்காரர் போனில் சொல்லியிருந்தபடி, வேனைப் பூத் வாசலிலேயே நிறுத்திச் சீட்டைச் சாய்த்து வைத்தோம். போன் வயர் வாசல் வரைக்கும் வராது. அவர் ஒன்றைக் கேட்பார். நான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்து சொல்வேன். கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. கேபிள் நன்றாக இருக்கிறது, ஸ்பிரிங் புதுசு. கேபிள் இழுக்கிற கம்பி முழுசாகத் திரும்பி வருகிறதா என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். ஒரு விரல் அளவு வராமல் நிற்கிறது என்று சொன்னேன்.

"அதாண்ட வேற இன்னா கீது?"

"ஒண்ணுமில்ல. மஞ்சத் துணிதான்."

"இன்னா மஞ்சத் துணி?"

"பெருமாளுக்கு முடிஞ்சது. நீ வரணும்னு."

அவர் மெதுவாகச் சொன்னார்.

"அதைக் கழட்டிடு."

"பலிக்கிறதுக்கு முன்னால எடுக்கக்கூடாது மாமா."

"யாருனா செத்தா அப்புறம் நான் வந்து இன்னா? கழட்டு."

குலுங்கிக் குலுங்கிக் கட்டு தளர்ந்து, முடிச்சு கீழே இறங்கி அந்தக் கம்பிக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தது. துணி சூட்டில் பழுப்பாகியிருந்தது. சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் கையை விட்டு எடுத்தேன். பிரிக்கவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்பேனர்கள் இருக்கிற டூல் பெட்டிக்குள் போட்டு மூடினேன். ஸ்டார்ட் செய்ததும் வண்டி சாதுவாக நின்று ஓடியது. சரியாகிவிட்டது என்று போனில் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்கு அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அவர் வரவில்லை, ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டியைக் கேட்டார். டயரைக் கேட்டார், ஹேண்ட்பிரேக் பிடிக்கிறதா என்று கேட்டார், பதினாலு பேரை ஏற்றுகிறீர்களா என்று திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வருவேன். அவருடன் போனவர்கள் சிலர் திரும்பி வந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் தாண்டிப் போனார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டியைக் கேட்கிற ஆள் எங்கே போய்விடப்போகிறார்?

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. மணி அடித்தது. "மாமா" என்றேன்.

"நல்லா கீறியா?" என்றார். "துன்னியா?"

துன்னேன் என்றேன். பாப்பாவைக் கேட்டார். எந்தக் கிளாஸ், தெலுங்கு நன்றாக எழுதுகிறாளா என்று கேட்டார். என் முட்டிவலியைக்கூடக் கேட்டார். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக எதற்காக அந்தப் பூத் ஸ்டூலில் உட்கார்ந்து ஏங்கினேனோ அதெல்லாம் ஒரே நாளில் வந்தது. நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். "உடம்பப் பாத்துக்கோ" என்றார்.

கடைசியில் நானே சொன்னேன்.

"மாமா, வண்டி நல்லா ஓடுது."

"அப்படியா. சரி."

யாரோ ஒருவர் வீட்டு வண்டியைப் பற்றிச் சொன்னால் எப்படிச் சொல்வாரோ அப்படி இருந்தது அந்த "சரி". எனக்குத் தெரிந்துவிட்டது, இவர் வரமாட்டார். அங்கே வேறொரு குடும்பம் இருக்கிறது என்று ஊர் எனக்குச் சொன்னது ஆறு மாதம் கழித்துத்தான். அப்போது ஊர்தான் அழுதது, எனக்குக் கேட்டுக்கொள்ள ஒன்றும் புதிதாக இல்லை.

அந்த "சரி"யைக் கேட்ட அன்று, பூத்திலிருந்து வந்து வேனில் ஏறி உட்கார்ந்தேன். சித்தப்பா வண்டியை எடுத்தார். ஊர் திருப்பத்தில் பக்கவாட்டுக் கதவிலிருந்து புதிதாக ஒரு சத்தம் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டும் என்று பழக்கத்தில் மனசு ஒருமுறை போய் வந்தது. வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். இறங்கிப் பார்த்தேன், கதவின் கீழ்ப்பக்கம் ஒரு போல்ட் ஆடிக்கொண்டிருந்தது. டூல் பெட்டியைத் திறந்தேன். மஞ்சள் முடிச்சு எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது. அதை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தேன்.