விருந்தாளி விதை

கன்றுக்குட்டி கட்டியிருந்த முளைக்குச்சியின் தலையில் ஏன் தார் பூசியிருந்தது என்று கேட்டீர்களே பிள்ளைகளே, சொல்கிறேன்.

நாற்பதுகளில், தானியத்துக்கு ஊரே தவித்த காலம். பெரம்பலூர் விவசாய ஆபீசிலிருந்து ஒரு சார் செட்டிகுளத்துக்குப் புதுச் சோள விதை கொண்டுவந்தார். வெளியூரிலிருந்து வந்த விதை, விருந்தாளி மாதிரி. விருந்தாளிக்கு நல்ல இடம்தானே கொடுப்போம்? ஈரம் தங்கும் கரிசலில் அதை விதைத்தோம். எங்கள் பழைய விதைக்குக் கல் நிறைந்த சரளைக் காட்டு நிலம். புதுச் சோளம் ஆளுயரம் தாண்டிக் கதிர் தள்ளியது. "இனிமே பழைய வெதை எதுக்கு மாப்ள? இடிச்சுக் களி கிண்டிடலாம்" என்றார் என் மச்சான், உங்கள் அம்மாவின் அண்ணன்.

சார் மகிழ்வார் என்று நினைத்தோம். அவரோ தலையில் கை வைத்துக்கொண்டார். "நீங்க வெதையை மெச்சுறீங்களா, கரிசலை மெச்சுறீங்களாங்க? எனக்கே தெரியலையே! பழைய வெதையில கை வெச்சுடாதீங்க."

மறு வருஷம் ஒவ்வொருவர் காட்டையும் இரண்டாகப் பிரித்து, நடுவில் அடையாளத்துக்குத் தலையில் தார் பூசிய முளை அடித்தார். ஒரு பாதியில் புதுசு, மறு பாதியில் பழசு. எந்தப் பாதியில் எது என்பதற்குக் காசைச் சுண்டினார். "சாரு சூதாடுறாரு!" என்று மச்சான் சிரித்தார். "உங்ககிட்ட வுட்டா மறுபடியும் விருந்து வெச்சுடுவீங்களே" என்றார் சார்.

அறுப்பில் ஒருவர் காட்டை இன்னொருவர் காட்டோடு அவர் ஒப்பிடவே இல்லை. அந்தந்தக் காட்டுக்குள்ளேயே இரு பாதிகளையும் எடை போட்டார். அநேகம் காடுகளில் புதுசு கூடுதல். சிலதில் நிறைய, சிலதில் கொஞ்சம். என் சரளைக் காட்டில் மட்டும் பழசுதான் கூடுதல்.

"உங்க வெதை எங்க மாப்ளகிட்டத் தோத்துடுச்சே சார்!" என்றார் மச்சான்.

"தோக்கட்டுங்க. இவரு காடு ஒண்ணை வெச்சு வெதை மோசம்னு சொல்ல முடியாது. ஊருக்கே நல்லா வந்துச்சுன்னு இவரையும் மாத்திக்கச் சொல்ல முடியாது." சொல்லிவிட்டு ஒரு பிடிச் சரளையை அள்ளி, உள்ளங்கையில் உருட்டி உருட்டிப் பார்த்தார். "சரளையா, இந்த வருஷத்து மழையா? இன்னும் பாக்கணுங்க." தன் விதை தோற்ற இடத்தில் ஒரு மனுஷர் இவ்வளவு ஆசையாக நின்றதை நான் பார்த்ததில்லை.

என் வீட்டுப் பழைய விதை உலக்கைக்குத் தப்பியது. என் காட்டு முளையும் கன்று கட்ட என்னிடமே தங்கியது.

போன வாரம் கடைக்காரர் ஒருவர் புது விதைப் பையோடு வந்து, "உங்க நல்ல காட்டைக் காட்டுங்க" என்றாரே, நினைவிருக்கிறதா? கன்றை அவிழ்த்து உங்கள் கையில் கொடுத்தேன். முளையைப் பிடுங்கிக்கொண்டு அவரைச் சரளைக் காட்டுக்கு அழைத்துப் போனேன். நடுவில் ஊன்றிவிட்டு, காசு இருக்கிறதா என்று கேட்டேன்.